வால்டெமர் ஹாஃப்கின் வாழ்வும் நோயாளர் பாதுகாப்பும்

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நம்பி வாழும் குடும்பங்கள் பல. தீக்காயமோ வெட்டுக்காயமோ பட்டு மருத்துவமனைக்கு வருவோரிடம் மருத்துவர் தவறாமல் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியைக் கடைசியாக எப்போது போட்டுக்கொண்டார்கள் என்பதாகும். மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு கிருமி காயத்தின் வழியே உடலுக்குள் புகுந்து உண்டாக்கும் கொடிய நோய் அது. இன்று அதற்கு எளிதில் கிடைக்கும் தடுப்பூசி உண்டு.

அந்தத் தடுப்பூசி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன், 1902ஆம் ஆண்டில், பஞ்சாப் மாகாணத்தின் ஒரு சிற்றூரில் வேறொரு நோய்க்கான தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட 19 பேர் ரண ஜன்னியால் இறந்தனர். அந்த மருந்தைத் தயாரித்த ஆய்வகத்தின் தலைவர் வால்டெமர் ஹாஃப்கின். இந்திய மக்களை இரு கொள்ளை நோய்களிலிருந்து காக்க உழைத்த அறிஞர் அவர். அந்நிகழ்ச்சி அவருடைய வாழ்வையே திசைதிருப்பியது. மருத்துவமனையில் தவறு நேரும்போது எதைத் தேட வேண்டும், எப்படித் தேட வேண்டும் என்பதை அவருடைய வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. நோயாளிகளும் உடனிருந்து கவனிப்போரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

இளமையும் கல்வியும்

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், அன்றைய ரஷ்யப் பேரரசின் துறைமுக நகரமான ஒடெஸாவில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நகரம் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. ஒடெஸாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றபோது, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகோவ் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். யூதர்கள் உயர்கல்விப் பணிகளில் முன்னேறப் பல தடைகள் இருந்த காலம் அது. மதம் மாறினால் தடை நீங்கும் என்ற நிலையிலும் அவர் அதற்கு இணங்கவில்லை.

1888இல் அவர் நாட்டை விட்டு வெளியேறி ஜெனீவாவில் ஆசிரியப் பணி செய்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் நகரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது நூலகர் பணிதான். ஓய்வு நேரங்களில் ஆய்வகத்தில் அமர்ந்து வாந்திபேதி எனப்படும் காலராவின் கிருமியை ஆராய்ந்தார். கிருமியின் வீரியத்தை மாற்றி அதிலிருந்து தடுப்பூசி தயாரிக்கும் வழியைக் கண்டறிந்தார். 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அந்த ஊசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்து தணிந்தது; வேறு தீங்கு நேரவில்லை. அதன் பின்னரே பிறருக்குச் செலுத்தினார்.

இந்தியாவில் முதற்பணி

வாந்திபேதி மிகுதியாக வாட்டிய நாடு இந்தியா. எனவே 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர், வெளிநாட்டவர், ஆங்கிலேயரும் அல்லர். ஆட்சியின் மருத்துவத் துறையில் அவரை ஐயத்துடன் நோக்கியோர் பலர். மக்களுக்கும் புதிய ஊசியின் மீது அச்சம் இருந்தது. கல்கத்தாவின் சேரிகளுக்கும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கும் இந்திய மருத்துவர்களுடன் நேரில் சென்று, விளக்கிச் சொல்லி, விரும்பி வந்தோருக்கே ஊசி போட்டார். ஒரே குடியிருப்பில் ஊசி போட்டோரையும் போடாதோரையும் தனித்தனியே கணக்கெடுத்து ஒப்பிடுவது அவர் கையாண்ட முறையாகும். இரண்டாண்டுகளில் 40,000க்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். இடையில் மலேரியாவால் உடல் நலிந்து 1895இல் ஐரோப்பா திரும்பிய அவர், அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார்.

பம்பாயில் பிளேக் நோய்

1896இல் பம்பாய் நகரில் பிளேக் நோய் பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். அரசின் அழைப்பை ஏற்று அக்டோபரில் பம்பாய் சென்ற ஹாஃப்கின், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறிய இடத்தில் மிகச் சில உதவியாளர்களுடன் வேலையைத் தொடங்கினார். பிளேக் கிருமியை வளர்த்து, வெப்பத்தால் கொன்று, அதிலிருந்து தடுப்பூசி தயாரித்தார். மூன்றே மாதங்களில் மருந்து உருவாயிற்று. 1897 ஜனவரி 10 அன்று அதையும் முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். பின்னர் பைகுல்லா சிறையில் தாமாக முன்வந்த கைதிகளுக்குப் போட்டு அதன் பயன் உறுதி செய்யப்பட்டது.

1899இல் பரேல் பகுதியிலிருந்த பழைய ஆளுநர் மாளிகை அவருடைய பிளேக் ஆய்வகத்திற்கு ஒதுக்கப்பட்டது. அங்கிருந்து இந்தியா முழுவதற்கும் வெளிநாடுகளுக்கும் தடுப்பூசி அனுப்பப்பட்டது. அந்த ஆண்டுகளில் அவருடைய பெயர் நாடெங்கும் மதிப்புடன் பேசப்பட்டது.

முல்கோவால், 1902 அக்டோபர் 30

1902இல் பஞ்சாப் மாகாணத்தில் பிளேக் கடுமையாகப் பரவியது. லட்சக்கணக்கானோருக்கு விரைவில் ஊசி போட மாகாண அரசு திட்டமிட்டு, பெருமளவில் மருந்து கேட்டது. தேவையை ஈடுசெய்யத் தயாரிப்பு முறையில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. அதுவரை மருந்துடன் சிறிதளவு கார்பாலிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். புதிய முறையில் அதை விட்டுவிட்டு, வெப்பத்தின் மூலமே கிருமி நீக்கம் செய்தனர். பாஸ்டர் நிறுவனத்தில் ஏற்கெனவே கையாளப்பட்ட முறைதான் இது.

அக்டோபர் 30 அன்று முல்கோவால் என்னும் ஊரில் முகாம் நடந்தது. அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. ஐந்து குப்பிகளிலிருந்து 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு வாரம் கழிவதற்குள் அவர்களுள் சிலருக்குத் தாடை இறுகியது. உடல் வில்லாக வளைந்து விறைத்தது. அவை ரண ஜன்னியின் அறிகுறிகள். நோய் கண்டோர் 19 பேர். அனைவரும் இறந்தனர். எஞ்சிய 88 பேருக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை.

ஒவ்வொரு குப்பிக்கும் எண் இடப்பட்டிருந்தது. எந்தக் குப்பியிலிருந்து யாருக்கு ஊசி போடப்பட்டது என்பதும் அறியக்கூடியதாக இருந்தது. எனவே இறந்த 19 பேரும் 53என் என்ற ஒரே குப்பியிலிருந்து ஊசி பெற்றவர்கள் என்பது தெரிய வந்தது. நஞ்சு இருந்தது அந்த ஒரு குப்பியில் மட்டுமே. எண் இடப்படாதிருந்தால் இந்த உண்மையே தெரிந்திருக்காது.

விசாரணையும் தண்டனையும்

அடுத்து விடை காண வேண்டிய கேள்வி, ரண ஜன்னிக் கிருமி அந்தக் குப்பிக்குள் எப்போது புகுந்தது என்பதாகும். பம்பாயில் மருந்தை நிரப்பியபோதா, அல்லது ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின் முல்கோவாலில் குப்பியைத் திறந்தபோதா? அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. குப்பி திறக்கப்படுவதற்கு முன்பே மருந்து மாசுபட்டிருக்க வேண்டும் என்று ஆணையம் கருதியது. தயாரிப்பு முறையை மாற்றியதும் ஹாஃப்கின் மீது குற்றமாக நின்றது. அவர் ஆய்வகப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு, 1904இல் இந்தியாவை விட்டு வெளியேறினார்.

இறந்தோரின் குடும்பங்களுக்கு ஏற்பட்ட இழப்பே இதில் முதன்மையானது. அரசின் முகாமை நம்பித் தாமாக முன்வந்து கை நீட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கு நேர்ந்ததை விளக்க வேண்டிய கடமை அரசுக்கும் ஆய்வகத்துக்கும் இருந்தது. ஆனால் விசாரணையின் ஆவணங்கள் முழுமையாக வெளியானது 1906இன் இறுதியில்தான். நான்கு ஆண்டுகள் உண்மை மூடிய கோப்புகளுக்குள் கிடந்தது. அதற்குள் ஊசியைப் பற்றிய அச்சம் பஞ்சாப் ஊர்களில் வேரூன்றியது. தடுப்பூசித் திட்டம் தளர்ந்தது. 1907ஆம் ஆண்டில் மட்டும் அம்மாகாணத்தில் பிளேக் நோயால் 6 லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு தவறைப் பற்றிய உண்மை தாமதமாகும்போது மக்களின் நம்பிக்கை குலைகிறது. நம்பிக்கை குலைந்த ஊரில் நல்ல மருந்தும் பயன்படாமல் போகிறது.

உண்மை வெளிவந்த விதம்

ஆவணங்கள் வெளியானபோது அவற்றின் சாட்சியப் பகுதியில் ஒரு செய்தி இருந்தது. முகாமில் 53என் குப்பியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. விதிப்படி அதைத் தீயில் காட்டிக் கிருமி நீக்கம் செய்திருக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல், கிருமிநாசினிக் கரைசலில் சற்றே அலசிவிட்டு, அந்த இடுக்கியாலேயே குப்பியின் அடைப்பானை எடுத்திருக்கிறார். ரண ஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணில் இருப்பவை. மேலோட்டமாக அலசுவதால் அழிபவை அல்ல.

மலேரியா பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர் பலர் இதைச் சுட்டிக்காட்டி, 1907இல் லண்டன் நாளிதழில் கூட்டாக எழுதினர். பம்பாயிலேயே கிருமி புகுந்திருந்தால், ஆறு வாரங்களில் அது பெருகி மருந்தில் கெட்ட நாற்றம் எழுந்திருக்கும். குப்பியைத் திறந்தபோது அப்படிப்பட்ட நாற்றம் இல்லை என்பதையும் அவர்கள் எடுத்துரைத்தனர். அந்த ஆண்டின் இறுதியில் அரசு ஹாஃப்கினை மீண்டும் பணிக்கு அழைத்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழியை ஹாஃப்கினிடமிருந்து எடுத்து அந்த உதவியாளர் மேல் சுமத்துவதோடு நின்றுவிட்டால், நோயாளர் பாதுகாப்பில் நாம் ஒரு படியும் முன்னேறியவர்கள் ஆக மாட்டோம். கூட்டம் நிறைந்த ஊர் முகாமில் இடுக்கி கைதவறி விழுவது எவருக்கும் நேரக்கூடியது. மாற்று இடுக்கி ஆயத்தமாக இருந்ததா, விழுந்த கருவியை ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற பயிற்சி தரப்பட்டதா, அருகிலிருந்தோர் தடுத்துச் சொல்லும் சூழல் இருந்ததா, ஒரே குப்பியிலிருந்து இத்தனை பேருக்கு ஊசி போடும் முறை தேவைதானா என்பனவே அடுத்த முகாமில் உயிர்களைக் காக்கும் கேள்விகள்.

இறுதிக் காலம்

பணிக்குத் திரும்பியபோது பம்பாய் ஆய்வகத்தில் வேறொருவர் தலைவராக இருந்தார். ஹாஃப்கின் கல்கத்தாவில் பணியேற்றார். ஆனால் முன்போல் மக்களிடையே சென்று புதிய தடுப்பூசிகளைச் சோதிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றபின் பிரான்சிலும் இறுதியில் சுவிட்சர்லாந்திலும் தனிமையில் வாழ்ந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1930ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் லோசான் நகரில் காலமானார்.

பம்பாயில் அவர் நிறுவிய ஆய்வகத்திற்கு 1925இல் ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டப்பட்டது. 1897 முதல் 1925 வரை அங்கிருந்து 2.5 கோடிக்கும் மேற்பட்ட பிளேக் தடுப்பூசி அளவுகள் அனுப்பப்பட்டிருந்தன. அந்நிறுவனம் இன்றும் பரேலில் இயங்கி வருகிறது. 1964இல் இந்திய அஞ்சல் துறை அவருடைய நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

இன்றைய மருத்துவமனைகளில்

முல்கோவாலில் நேர்ந்தது போன்ற தவறுகளைத் தடுக்க இன்று பல ஏற்பாடுகள் உள்ளன. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழல்கள் பயன்படுத்தப்படுகின்றன. தட்டம்மை-ரூபெல்லா போன்ற, கரைத்துப் போடும் தடுப்பூசிகளை 4 மணி நேரத்திற்குப் பின் பயன்படுத்தக் கூடாது. எஞ்சியதை அப்புறப்படுத்திவிட வேண்டும். குப்பியில் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் அச்சிடப்பட்டிருக்கும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே காத்திருக்கச் சொல்வதும், பின்விளைவு ஏற்பட்டால் அதைப் பதிவு செய்து ஆராய்வதும் நடைமுறையில் உள்ளன.

இவற்றின் அடிப்படை பட்டாசுத் தொழிலில் இருப்போருக்குப் புதிதன்று. பட்டாசு ஆலைகளில் மருந்துக் கலவை செய்யும் அறைகளை ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டே கட்டுகிறார்கள். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று வரையறை உண்டு. எத்தனை கவனமான தொழிலாளிக்கும் ஒரு நாள் கை தவறலாம் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அந்தத் தவறு பேரழிவாக மாறாதிருக்கச் செய்யும் ஏற்பாடு அது. மருத்துவமனையிலும் பாதுகாப்பு என்பது அவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக அமையும் தடுப்புகளே. உலக அளவில், சிகிச்சை பெறுவோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் சிகிச்சையின்போதே ஏதேனும் ஒரு தீங்கு நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவற்றுள் பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

தடுப்புகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே சமயத்தில் தவறினால் என்ன நேரும் என்பதை நம் விருதுநகர் மாவட்டமும் கண்டுள்ளது. 2018 டிசம்பரில் கர்ப்பிணி ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது. இரத்தம் கொடுத்தவருக்கு அதற்கு முன்பே ஒரு பரிசோதனையில் தொற்று கண்டறியப்பட்டிருந்தும், அச்செய்தி அவரைச் சென்றடைந்திருக்கவில்லை. பின்னர் அவர் கொடுத்த இரத்தத்தைப் பரிசோதித்தபோதும் தொற்று கண்டறியப்படவில்லை. வேறொரு பரிசோதனையில் தம் நிலையை அறிந்த அவரே முன்வந்து தெரிவித்ததால்தான் தவறு வெளிப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு உடனே சிகிச்சை தொடங்க முடிந்தது. குழந்தை தொற்றின்றிப் பிறந்தது. தவறை மறைக்காமல் சொல்வது எத்தனை மதிப்புடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நோயாளிகளும் உடனிருப்போரும் செய்யக்கூடியவை

பாதுகாப்புத் தடுப்புகளுள் ஒன்றாக நோயாளியும் அவருடன் இருப்பவரும் அமைய முடியும். கேள்வி கேட்பது மருத்துவரையோ செவிலியரையோ அவமதிப்பதாகாது.

• ஊசி போடும் முன், அது என்ன மருந்து, எதற்காக என்று கேளுங்கள். ஊசிக்குழலும் ஊசியும் புதிய உறையிலிருந்து எடுக்கப்படுவதைப் பாருங்கள். கீழே விழுந்த எந்தப் பொருளையும் மீண்டும் பயன்படுத்துவதைக் கண்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

• தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, வீடு திரும்பும்போது தரும் சுருக்கக் குறிப்பு ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து, ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள். குப்பியின் எண் முல்கோவாலில் உண்மையைக் காட்டியது போல, இந்தச் சீட்டுகளே உங்கள் சிகிச்சையின் தடயம்.

• முன்பு எந்த மருந்தாவது ஒவ்வாமையை உண்டாக்கியிருந்தால், கர்ப்பமாக இருந்தால், சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு மாத்திரை உட்கொண்டால், கேட்கும் முன்பே தெரிவியுங்கள்.

• இரத்தம் ஏற்றும் முன் நோயாளியின் பெயரும் இரத்த வகையும் பையில் உள்ளவற்றோடு ஒத்துப்பார்க்கப்படுவதைக் கவனியுங்கள். ஏற்றும்போது குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், அரிப்பு தோன்றினால் உடனே செவிலியரை அழையுங்கள்.

• தீக்காயம் பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் வரை காட்டுங்கள். ஐஸ் கட்டி வைக்க வேண்டாம். மை, மாவு, பற்பசை எதையும் பூச வேண்டாம். கடைசியாக ரண ஜன்னித் தடுப்பூசி போட்ட ஆண்டை மருத்துவரிடம் கூறுங்கள்; மீண்டும் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

• குழந்தைகளுக்கு 10 வயதிலும் 16 வயதிலும், கர்ப்பிணிகளுக்கு உரிய காலத்திலும் போடப்படும் ரண ஜன்னி-தொண்டை அடைப்பான் தடுப்பூசியைத் தவற விடாதீர்கள். இது அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடப்படுகிறது.

தவறு நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், முதலில் பணியிலுள்ள மருத்துவரிடம் தெரிவித்து நோயாளிக்குத் தேவையான சிகிச்சையைப் பெறுங்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, அதன்பின் என்ன அறிகுறி என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பயன்படுத்திய குப்பியையும் உறையையும் அப்புறப்படுத்தாமல் பாதுகாத்து வைக்கும்படி கேளுங்கள். என்ன நடந்தது, எந்தக் கட்டத்தில் நடந்தது, மீண்டும் நேராமல் இருக்க என்ன செய்யப்படுகிறது என்று விளக்கம் பெறுவது உங்கள் உரிமை. ஆலோசனைக்கும் புகாருக்கும் 104 என்ற கட்டணமில்லா எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.